முதல் நாவலின் முதல் பன்னிரண்டு கிழமை: ஒரு செய்முறைப் பதிவு

முதல் நாவலைக் கைவிட்டவர்களில் அனேகம்பேர் நின்றுபோன இடம் முதலாம் அத்தியாயம்தான். எழுதுவார்கள், அடுத்த நாள் வாசிப்பார்கள், பிடிக்காது, திருத்துவார்கள். ஆறு மாதம் கழித்துக் கையில் நல்ல பத்துப் பக்கம் இருக்கும். பதினோராம் பக்கம் இருக்காது. கீழே உள்ள வேலைமுறை அந்த ஒரு பழுதைத் தடுக்கவே அமைந்தது. அதன் அச்சாணி இதுதான்: எழுதுகிற கொப்பி வேறு, திருத்துகிற கொப்பி வேறு. எழுதுகிற நாளில் திருத்துகிற கொப்பியில் பழுதைக் குறிக்கலாம், திருத்தத் தொடங்கக் கூடாது.

மாதிரிக்கு ஒரு கற்பனை நாவலை எடுத்துக்கொள்வோம். களம் இலங்கையின் கிழக்கே, திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாத் துறையடி. பாலம் வரும்வரை சனமும் வாகனமும் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போயின. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பரீதா என்ற கற்பனைப் பெண்தான் நாயகி. பாதைக்குக் காத்து நின்றவர்கள்தான் அவளுடைய வாடிக்கைக்காரர்கள். பாலத்தில் போகிறவர்கள் காத்து நிற்பதில்லை.

சாமான்

200 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று, எழுதுவதற்கு. 80 பக்கக் கொப்பி இரண்டு. ஒன்றின் அட்டையில் 'பழுது' என்று எழுதுங்கள், மற்றதில் 'காதில் விழுந்தது' என்று எழுதுங்கள். ஏ4 தாள் பத்தை நாலாக வெட்டினால் 40 அட்டை கிடைக்கும், அவற்றைக் கட்ட ஒரு றப்பர் வளையம். தட்டச்சுக்குக் கணினியோ கைத்தொலைபேசியோ ஏதாவது ஒன்று. முதல் மூன்று கிழமைக்கு அது தேவையே இல்லை.

அளவுக் கணக்கு: டெமி என்ற புத்தக அளவில் 200 பக்கம் வரும் நாவலுக்குப் பக்கத்துக்கு 230 சொல் என்று வைத்தால் 46,000 சொல். தமிழில் வேற்றுமையும் வினைமுடிபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கில எழுத்துக் கையேடுகள் சொல்லும் எண்பதினாயிரம், தொண்ணூறாயிரம் என்ற கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாளுக்கு 300 சொல், கிழமைக்கு ஆறு நாள், 26 கிழமை என்றால் 46,800. கொப்பியில் பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு 6 சொல் என்றால் 144. ஆகவே ஒரு நாள் வேலை கிட்டத்தட்ட இரண்டு பக்கம். சொந்தக் கையெழுத்தில் ஒரு பக்கத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்து இந்தக் கணக்கைச் சரிசெய்யுங்கள். அதன்பிறகு எண்ணத் தேவையில்லை, பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதலாம் கிழமை: ஒரு வசனம்

இந்தக் கிழமை நாவலில் ஒரு வரியும் எழுதுவதில்லை. நாவல் எதைப் பற்றியது என்பதை ஒரே வசனத்தில் எழுதி முடிப்பதுதான் வேலை. முதல் முயற்சி அனேகமாக இப்படி வரும்:

'கிண்ணியா மக்களின் வாழ்க்கைப் போராட்டம்.'

இது ஒரு கட்டுரைத் தலைப்பு. இதை வைத்து அடுத்த நாள் காலை எந்தக் காட்சியை எழுதுவது என்று யாராலும் சொல்ல முடியாது. யுத்தம், சுனாமி, இடப்பெயர்வு, வறுமை எல்லாம் இதே இனம்தான். அவை நாவலுக்குள் வரும், ஆனால் அவற்றால் நாவலைத் தொடங்கிவைக்க முடியாது. வசனத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: யார், எங்கே, எப்போது, என்ன வேண்டும், எது தடுக்கிறது. மாதிரி நாவலுக்கு ஏழாவது முயற்சியில் வந்து நிற்கும் வசனம் இது:

'2009 ஒக்டோபரில் பாலம் திறந்து துறையடிக் கடையின் வியாபாரம் படுத்துப்போக, மகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன வீட்டுக்கு அடுத்த நோன்புக்கு முன் கூரை போட்டாக வேண்டிய நிலையில் நிற்கிறாள் பரீதா.'

கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். கூரை இல்லாமல் நிற்கும் சுவரைக் கண்டால் அந்த வீட்டில் என்ன கவலை என்று ஊரே சொல்லிவிடும். ஆகவே இந்த வசனத்தில் உள்ள 'வேண்டும்' வாசகருக்கு விளக்கம் இல்லாமலே புரியும். கால எல்லையும் இருக்கிறது. கூரை ஏறுமா ஏறாதா என்பது கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போகும்.

களம் சொந்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கி தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுகிறது. அதன் களம் நாயக்கர் காலத் தமிழகம். ஆனால் முதல் நாவலுக்குத் தெரிந்த இடத்தை எடுத்தால் உழைப்பில் பாதி மிச்சம். தெரியாத இடத்தில் ஒருவர் கதவைத் திறப்பதற்கே மூன்று புத்தகம் பார்க்க வேண்டி வரும்.

இரண்டாம் கிழமை: வயதுப் பட்டியல், வெயில், காற்று

ஒரு தாளில் இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் பாத்திரங்களின் வயது. பரீதா பிறந்தது 1964 என்று வைத்தால் 1978 நவம்பர்ச் சூறாவளியில் 14, 1990 ஜூன் கலவரத்தில் 26, 2004 டிசம்பர்ச் சுனாமியில் 40, பாலம் திறக்கையில் 45. மகள் 1989இல் பிறந்தால் 1990 கலவரத்தில் கைக்குழந்தை, சுனாமியில் 15 வயது, 2010இல் 21. இந்தத் தாளைக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். இது இல்லாமல் எழுதினால் நாலாம் அத்தியாயத்தில் பரீதா ஐம்பதைத் தாண்டிவிடுவாள், ஒன்பதாம் அத்தியாயத்தில் திரும்பவும் நாற்பதுக்கு வருவாள். சொந்த ஊர்க்காரர் வாசித்தவுடன் கண்டுபிடிக்கும் பிழை இது.

நாட்காட்டிப் பிழை அதைவிட மோசம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதோடு பூரணை தினம். அன்று காலை பிள்ளைகளை வகுப்பறையில் உட்காரவைத்து எழுதிய காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது. நோன்பு ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னே நகரும். 2010இல் அது ஆகஸ்ட் நடுவை ஒட்டித் தொடங்கியது. இன்றைய நோன்பு மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு 2010ஐ எழுதினால், மாரி மழையில் கூரை வேலை நடப்பதாக வந்துவிடும். பரீதாவுக்கு இருக்கும் கால எல்லை ஒக்டோபரிலிருந்து ஆகஸ்ட் வரை, பத்து மாதம். அதில் முதல் மூன்று மாதம் மழை. அதாவது வேலை செய்யக்கூடிய மாதம் ஏழுதான். இந்த ஒரு கணக்கிலிருந்தே இரண்டு அத்தியாயம் கிடைக்கிறது: மழை விடும்வரை மேசன் வரமாட்டார், வந்த காசு அதற்குள் கரைந்துவிடும்.

வெயிலும் காற்றும் அடுத்தது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சூரியன் கடலில் உதிக்கும். அந்தக் கரையில் சூரியன் கடலுக்குள் மறைவதாக எழுதுவது திருகோணமலைக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் தவறு, சினிமாவிலிருந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீருக்கு மேல் அந்திச் சூரியன் வேண்டுமானால் பாத்திரத்தை உட்துறைமுகப் பக்கம் கூட்டிப் போங்கள். வாடைக்காற்று வீசும் மார்கழியில் வெளிக்கடல் கொந்தளிக்கும், கரைவலை இழுக்கும் காலம் அது இல்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக வரும், உதடு காயும், கடைவாசலில் மணல் ஏறும். 'காற்று வீசியது' என்று எழுதுகிற இடங்களில் எந்தக் காற்று என்று கேட்டு எழுதினால் மாதமும் சேர்ந்து விழும்.

பழைய விலைவாசி, பத்திரிகைச் செய்தி, ஊர் மலர்கள் தேவையென்றால் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் நூல்களும் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். மூன்றாவது நாளும் தேடிக்கொண்டிருந்தால் அது எழுதாமல் தப்புகிற வேலை.

மூன்றாம் கிழமை: அட்டைகளும் குரலும்

நாற்பது அட்டை இருந்தாலும் இப்போது நிரப்புவது பன்னிரண்டுதான்: முதல் எட்டுக் காட்சி, நடுவே திருப்பம் மூன்று, கடைசிக் காட்சி. மற்றவை வெறுமையாகவே கிடக்கட்டும். முப்பது அத்தியாயத்துக்கும் திட்டம் போட்டவர்கள் எழுதத் தொடங்கும்போது களைத்துப்போயிருப்பார்கள். ஒன்றும் திட்டம் போடாதவர்கள் ஆறாம் அத்தியாயத்தில் வழி தெரியாமல் நிற்பார்கள். கடைசிக் காட்சியை இப்போதே எழுதிவைப்பது முக்கியம். அது பிறகு மாறலாம், ஆனால் எந்தத் திசையில் நடக்கிறோம் என்பதை அது காட்டும். ஒவ்வொரு அட்டையின் முன்பக்கத்திலும் யார், எங்கே, என்ன நடக்கிறது என்று மூன்று வரி. பின்பக்கத்தில் ஒரே வரி: காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்த அட்டையைக் கழித்துவிடுங்கள்.

குரலைச் சோதிக்க ஒரே காட்சியை மூன்று விதமாக, ஒவ்வொன்றும் 300 சொல்லில் எழுதுங்கள்: பரீதா 'நான்' என்று சொல்வதாக, பரீதாவின் தோளில் இருந்து பார்ப்பதுபோல 'அவள்' என்று, ஊரே சொல்வதுபோல 'நாங்கள்' என்று. வாசித்துப் பார்த்தால் ஒன்று தானாக ஓடும், மற்ற இரண்டையும் இழுக்க வேண்டியிருக்கும். ஓடுவதை எடுங்கள். மாதிரி நாவலுக்கு 'அவள்' சரிவருகிறது. பரீதா வாய்விட்டுக் கவலை சொல்லாதவள், 'நான்' என்று எழுதினால் அவளை அதிகம் பேசவைக்க வேண்டிவரும். ஒன்றைத் தெரிந்தெடுத்த பிறகு அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றாதீர்கள். பரீதாவின் கண்ணால் போகிற காட்சியில், அவளுக்குத் தெரியாமல் மருமகன் மனதில் என்ன நினைத்தான் என்று ஒரு வரி நுழைந்துவிடும். முதல் வரைவில் மிக அதிகமாக வரும் பழுது இது. கண்டவுடன் திருத்தாமல் பழுதுக் கொப்பியில் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

நாலிலிருந்து ஏழாம் கிழமை வரை: ஓட்டம்

காலையில் வெயில் ஏறுமுன் 45 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் நேற்று எழுதிய கடைசி அரைப் பக்கத்தை மட்டும் வாசிப்பது, அதற்கு முன்னால் உள்ளதைத் திறப்பதில்லை. 300 சொல் வந்ததும் வசனத்தின் பாதியில் நிறுத்துங்கள். முற்றுப்புள்ளியில் நிறுத்தினால் அடுத்த நாள் திரும்பத் தொடங்க வேண்டும். 'அவள் உண்டியலைத் தூக்கி' என்று நின்றால் அடுத்த நாள் கை தானே எழுதிக்கொண்டு போகும்.

தெரியாத விவரம் வரும்போது எழுந்து தேடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு வட்டமிட்டு, உள்ளே என்ன வேண்டும் என்று எழுதிவிட்டுத் தொடருங்கள்: வட்டத்துக்குள் 'சீமெந்து மூட்டை விலை', 'லோஞ்சி நேரம்'. கணினியில் எழுதுகிறவர்கள் வேறெங்கும் வராத ஒரு குறியை, ### போல, போட்டால் பிறகு ஒரே தேடலில் எல்லாம் வந்துவிடும். தொழிற்சொல் தெரியாவிட்டாலும் இதே வழிதான். பிறகு ஒரு நாள் கூரை வேலை செய்கிற தச்சரிடம் நின்று கேட்டால் வளை எது, கைமரம் எது, சிலாகை எது என்று அரை மணித்தியாலத்தில் காட்டித்தருவார். 'கூரைக்கு மரம் வாங்கினாள்' என்பது செய்தி. 'வளைக்குக் காசு சரி, கைமரத்துக்கு இல்லை' என்பது பரீதாவின் பிரச்சினை.

இப்போது ஒரு பழுதைக் கிட்டப் பார்ப்போம். மாதிரி நாவலின் தொடக்கப் பந்தி முதல் வரைவில் இப்படி வரும்:

'இயற்கை எழில் கொஞ்சும் கிண்ணியாவில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிக்கொண்டிருந்தான். பரீதா தன் தேநீர்க் கடையைத் திறந்தாள். அவள் மனதில் சொல்லொணாச் சோகம் குடிகொண்டிருந்தது. பாலம் திறக்கப்பட்டதால் இனித் தன் வாழ்வு என்னாகுமோ என்று அவள் ஏங்கினாள்.'

நாலு வசனத்திலும் நாலு பழுது. முதலாவது எந்த ஊருக்கும் பொருந்தும், ஊர்ப்பெயரை மாற்றினால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது செயல், ஆனால் அதில் தகவல் இல்லை. மூன்றாவது சோகத்தைப் பெயர் சொல்லி வைத்துவிட்டுப் போகிறது, வாசகர் அதைக் காணவில்லை. நாலாவது நாவலின் முழுக் கேள்வியையும் முதல் பந்தியிலேயே கொட்டிவிடுகிறது. வரைவு முடிந்து திருத்தும்போது இப்படி ஆகலாம்:

'கேத்தில் அரைவாசிதான். பரீதா அதற்குமேல் தண்ணீர் ஊற்றவில்லை. போன கிழமை வரைக்கும் முதற்பாதை வெளிக்கிடுவதற்குள் ஒரு கேத்தில் முடிந்து இரண்டாவது கொதிக்கும். இன்றைக்குப் பாதை கரையோடு கட்டிக் கிடந்தது. கயிற்றில் ஒரு காகம். கழுவிக் கவிழ்த்த கிளாஸ்களை எண்ணினாள், பன்னிரண்டு. ஆறை எடுத்துத் தட்டுக்குக் கீழே வைத்தாள்.'

சோகம் என்ற சொல் இல்லை. கேத்தில், பாதை, கிளாஸ் மூன்றும் வேலை செய்கின்றன. ஆனாலும் இதை நாலாம் கிழமையிலேயே செய்யப்போனால் ஐந்தாம் கிழமை வராது. முதல் வரைவில் பொற்கரங்கள் நீண்டபடியே கிடக்கட்டும்.

'பாதை' என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. கிழக்கிலே பாதை என்றால் ஆற்றையோ களப்பையோ கடக்கும் மிதவை. தமிழகத்து வாசகர் 'பாதை வரவில்லை' என்பதை வீதி போடவில்லை என்று விளங்கிக்கொள்வார். அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடாதீர்கள், பின்னால் அருஞ்சொல் அகராதியும் வேண்டாம். சொல் முதல்முதல் வரும் இடத்தில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று காட்டினால் போதும்: 'பாதை கரையில் இடித்து நின்றதும் முதலில் லொறி இறங்கியது, பிறகு சனம்.' அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வராது. வாடி, சம்மாட்டி, மண்டாடி போன்ற மீன்பிடிச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இதே முறை.

பேச்சு

திருகோணமலை நாவல்களில் எழுத்தாளருக்கு மிகக் கடினமான பகுதி இதுதான், அதிக நேரம் கொடுக்க வேண்டிய பகுதியும் இதுதான். நகரத்தில் ஒரு தமிழ், மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம்களிடம் ஒரு தமிழ், வெருகல் பக்கம் மட்டக்களப்புச் சாயல், நடுவே சிங்களம். முதல் வரைவில் எல்லாரும் பாடப்புத்தகத் தமிழ் கதைப்பார்கள், அல்லது எல்லாரும் தென்னிந்தியத் தொடர்நாடகத் தமிழ் கதைப்பார்கள். இப்படி:

'வணக்கம் பரீதா அக்கா, எப்படி இருக்கிறீர்கள்? பாலம் திறந்ததால் உங்கள் வியாபாரம் மிகவும் பாதிக்கப்பட்டிருக்குமே' என்றான் பாதைக்காரன்.

திருத்தினால்:

'பிளேன்டி ஒண்டு போடுங்க ராத்தா.'

'சீனி?'

'போட்டே தாங்க. இண்டைக்கு வேலையா வெட்டியா.'

'பாதை எடுக்கலியா?'

'ஆரு ஏறுற?'

பாலம் என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் மற்றவருக்கு விளக்குவதாக வந்தால், அது வாசகருக்காக எழுதிய பேச்சு என்று காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது, எவ்வளவு வட்டாரம் போடுவது. எல்லாச் சொல்லையும் ஒலித்தபடியே எழுதினால் நாலு வரிக்கு மேல் வாசிக்க முடியாது. மூன்று இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: விளிக்கும் சொல், வினைமுடிவு, ஒவ்வொரு பேச்சிலும் ஒரு பெயர்ச்சொல். விளிதான் முதன்மை. பாதைக்காரன் 'ராத்தா' என்கிறான். ஆலங்கேணியிலிருந்து கீரை கொண்டுவரும் தமிழ்ப் பெண் 'பரீதாக்கா' என்பாள். மகளைக் கட்டப்போகிறவன் 'மாமி' என்பான், அதுவும் நேரே முகம் பார்த்துச் சொல்ல மாட்டான். ராத்தாவா லாத்தாவா என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். எந்த ஊர் வீடு என்று முடிவெடுத்து, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி உறுதிப்படுத்துங்கள். சிங்களம் பேசும் பயணி உடைந்த தமிழ் கதைப்பதாக வந்தால், சிரிப்புக்காக அதை உடைக்காதீர்கள். அவர் தடுமாறும் சொல் ஒன்று போதும்.

கதைசொல்லியின் தமிழிலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் 'மகளுக்குப் பேசினாள்' என்றால் ஏசினாள் என்றே விழும். சாதாரண உரையாடலுக்குக் 'கதைத்தாள்' இருக்கிறது. நாவலின் சொந்த வாய்மொழியும் அந்த மண்ணில் நின்றால்தான் பாத்திரங்களின் பேச்சு ஒட்டவைத்ததுபோல் தெரியாது. 'காதில் விழுந்தது' கொப்பி இதற்குத்தான்: பஸ்ஸில், சந்தையில், துறைமுக மேடையில் கேட்ட ஒரு சொற்றொடர், நாளுக்கு ஒன்று. யார் சொன்னது என்று பெயர் எழுத வேண்டாம்.

எட்டாம் கிழமை: தட்டச்சு, அதன் தொல்லைகள்

கையால் எழுதியது எட்டாயிரம் சொல்லைத் தொட்டதும் தட்டச்சைத் தொடங்கலாம். புது வரைவைக் காலையில் கையால் எழுதுவது நிற்கக் கூடாது, தட்டச்சு மாலை வேலை. தட்டச்சும்போது எழுத்துப்பிழை மட்டும் திருத்தலாம், வசனத்தில் கை வைக்கக் கூடாது.

பாமினி எழுத்துருவில் அடிக்காதீர்கள். அச்சகங்களில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, வடிவமைப்பவர் கேட்டால் கடைசியில் மாற்றிக் கொடுக்கலாம். பாமினியில் அடித்த கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், தமிழாகத் தெரிவது எழுத்துருவால் மட்டும். ஆகவே கைத்தொலைபேசியில் திறந்தால் குப்பையாகத் தெரியும், 'பரீதா' என்று தேடினால் கிடைக்காது. யுனிகோடில் அடியுங்கள். பாமினி விசைப்பலகை பழகிய கைக்கு அதே விசை அமைப்பில் யுனிகோடு தரும் செயலிகள் உண்டு, கை மாறவேண்டியதில்லை. முன்பே பாமினியில் அடித்து வைத்தவர்கள் மாற்றியில் போட்டு எடுக்கும்போது காற்புள்ளி, மேற்கோள்குறி, இலக்கங்கள் மூன்றையும் வரிவரியாகப் பாருங்கள். ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அது தமிழ்க் குப்பையாகிவிடும்.

குரல்வழித் தட்டச்சு வேகமானது, கைத்தொலைபேசியில் இலங்கைத் தமிழ் என்ற தெரிவும் இருக்கிறது. ஆனால் 'இண்டைக்கு', 'ஒண்டு' போன்றவற்றைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும், நிறுத்தற்குறியை நீங்களே போட வேண்டும். கதைசொல்லும் பகுதிக்கு அதைப் பயன்படுத்தி, பேச்சுப் பகுதியைக் கையால் அடியுங்கள்.

கோப்புப் பெயரில் 'இறுதி' என்ற சொல்லே வேண்டாம். பாதை-வரைவு1-அத்03 என்று அத்தியாயத்துக்கு ஒன்று. கிழமைக்கு ஒருதரம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி, ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். கார்த்திகை மழையில் மின்சாரம் போய்வரும்போது திறந்து கிடக்கும் கோப்புத்தான் முதலில் கெடும்.

ஒன்பதாம், பத்தாம் கிழமை: தேக்கம்

பத்தாயிரம் சொல்லை ஒட்டிய இடத்தில் நாவல் நின்றுபோகும். சோம்பலால் அல்ல, கட்டமைப்பால். அதுவரை ஓடியது தொடக்க வசனத்தின் விசையில். இனிப் புது விசை வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி: எழுதிய காட்சிகளின் அட்டைகளை நிலத்தில் வரிசையாகப் பரப்பிப் பின்பக்கங்களைத் திருப்புங்கள். 'பரீதா கவலைப்பட்டாள்', 'பரீதா மேலும் கவலைப்பட்டாள்', 'காசு போதவில்லை' என்று ஒரே மாற்றம் மூன்று அட்டையில் தொடர்ந்து வந்தால் அதுதான் அடைப்பு. மூன்றையும் ஒன்றாக்குங்கள். மிச்சமான இடத்தில் பரீதா ஏதாவது செய்ய வேண்டும், அந்தச் செயலுக்கு ஒரு விலை இருக்க வேண்டும். கடையைக் கழற்றிப் பாலத்தடிக்குக் கொண்டுபோகிறாள், அங்கே ஏற்கெனவே ஒருவர் கடை போட்டிருக்கிறார், அவர் சம்பந்தியின் தம்பி. இப்போது கூரைக்குக் காசு தேடப் போனால் கல்யாணம் குழம்பும், கல்யாணத்தைக் காக்கப் போனால் கூரை ஏறாது. வெறுமையாகக் கிடந்த அட்டைகளில் ஐந்து இந்த ஒரு முடிச்சிலேயே நிரம்பும்.

இன்னொரு காரணம், எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாமை. பாலம் கெட்டதல்ல. பிரசவத்துக்கு இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அது உயிர். பாலத்தை வரவேற்கும் ஒருத்தியைப் பரீதாவின் வீட்டுக்குள்ளேயே வையுங்கள், மகளாகவே இருக்கட்டும். அவள் சொல்வதும் நியாயமாக இருந்தால்தான் நாவல் மூச்சுவிடும்.

பதினோராம் கிழமை: இரண்டு வாசகர்

இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒருவர் அந்த ஊர், மற்றவர் கிழக்குக்கு வெளியே உள்ளவர். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார்கள், அதால் பயன் இல்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்? எந்த இடத்தில் திரும்பி வாசிக்க வேண்டி வந்தது? பரீதாவுக்கு என்ன வேண்டும்? மூன்றாவதற்கு இருவரும் வேறு வேறு பதில் சொன்னால் முதலாம் கிழமை எழுதிய வசனம் முதல் இரண்டு அத்தியாயத்தில் தெளிவாக வரவில்லை. பதில்களைப் பழுதுக் கொப்பியில் எழுதிவிட்டு மூடுங்கள்.

ஊர் வாசகரிடம் ஒன்று தனியாகக் கேட்க வேண்டும்: 'இதில் யாரையாவது அடையாளம் தெரிகிறதா?' சின்ன ஊரில் துறையடியில் கடை வைத்திருந்தவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீடு இருக்கும் திசை இவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். ஒருவர் தன் துக்கத்தைச் சொன்னதை எடுத்திருந்தால் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

நீர்வழி நாவலுக்கு இங்கே இன்னொரு பொறுப்பும் உண்டு. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். 2009இல் நடக்கும் கதையில் அந்த நாள் வராது. ஆனால் பாதை ஒரு பக்கம் சரிவதாக நீங்கள் எழுதும் வரியை அந்தப் பெற்றோரும் வாசிக்கக்கூடும். பரபரப்புக்காக மட்டும் அப்படி ஒரு காட்சி வந்திருந்தால் அட்டையோடு எடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் கிழமை: கணக்கு

எழுதிய கிழமை ஒன்பது. கிழமைக்கு 1,800 என்றால் 16,200 சொல். காய்ச்சல், கல்யாணவீடு, பெருநாள், திருவிழா என்று நாலில் ஒரு பங்கு குறைவதாக வைத்தாலும் 12,000 வரும். 46,800 சொல்லை முப்பது அத்தியாயமாகப் பிரித்தால் அத்தியாயத்துக்கு 1,560. அந்தக் கணக்கில் அது எட்டு அத்தியாயம் கிட்ட, அச்சில் ஐம்பது பக்கத்துக்கு மேல். அதைவிடவும் குறைந்திருந்தால் நாளுக்கு 200 ஆக்குங்கள், ஆறு நாளைக் குறைக்காதீர்கள். தவறவிட்ட சொல்லை ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக அடைக்கப் பார்த்தால் திங்கட்கிழமை எழுதவராது.

பழுதுக் கொப்பியில் இந்நேரம் ஆறேழு பக்கம் நிரம்பியிருக்கும்: பார்வை மாறிய இடங்கள், வட்டத்துக்குள் நிற்கும் விலைகள், முதல் பந்தியின் பொற்கரங்கள், மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வந்த பேச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு எழுத்துப் போடுங்கள்: 'க' என்றால் கதையை மாற்றும் பழுது, 'சொ' என்றால் சொல்லளவில் தீரும் பழுது. வரைவு முடிந்ததும் 'க' முழுவதையும் முதலில் திருத்த வேண்டும். 'சொ'வில் தொடங்கினால், ஒரு நாள் முழுக்க மெருகேற்றிய பந்தி அடுத்த நாள் அத்தியாயத்தோடு வெட்டுப்படும்.

இதுவரை நிரம்பிய அட்டைகளைத் திரும்ப றப்பர் வளையத்தில் கட்டி, அடுத்த வெற்று அட்டையை மேலே வையுங்கள். மாதிரி நாவலில் அது தை மாதம்: மழை விட்டுவிட்டது, மேசன் வந்து சுவரைச் சுற்றிப் பார்க்கிறார், வளைக்கு மரம் எங்கே என்று கேட்கிறார். கொப்பியின் கடைசி வரி 'பரீதா கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டி' என்று நிற்கிறது.